பிடித்த திகில் எழுத்தாளரின் பழைய புத்தகங்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

ஒரு திகில் எழுத்தாளர் பிடித்துப்போனால் அவர் எழுதியது எல்லாமே வேண்டும் என்று தோன்றும். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் கையைக் கடிக்கும். சில புத்தகங்களோ அச்சிலேயே இருக்காது. இரண்டுக்கும் மருந்து பழைய புத்தகங்கள்தான்.

உதாரணத்துக்கு ஸ்டீபன் கிங்கை எடுத்துக்கொள்கிறேன். நிறைய எழுதியவர், லட்சக்கணக்கில் அச்சானவர். அவரிடமும் லேசில் சிக்காத புத்தகங்கள் சில உண்டு. உங்கள் ஆள் வேறொருவர் என்றாலும் வழி இதுதான்.

படி 1: முதலில் பட்டியல் போடுங்கள்

பட்டியல் இல்லாமல் கிளம்பினால், ஏற்கெனவே வீட்டில் இருப்பதையே மறுபடி வாங்கி வருவீர்கள். ‘இன்டர்நெட் ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன் டேட்டாபேஸ்’ என்ற இலவசத் தளத்தில் எழுத்தாளர் பெயரைத் தட்டினால் நாவல்கள், தொகுப்புகள், எந்தக் கதை முதலில் எந்த இதழில் வந்தது, ஒவ்வொரு பதிப்பின் விவரம் என எல்லாம் வரிசையாக வரும். அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதைக் குறித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலில் மூன்று விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். முதலாவது, புனைபெயர். கிங் 1977 முதல் 1984 வரை ரிச்சர்ட் பாக்மன் என்ற பெயரில் ஐந்து நாவல்கள் வெளியிட்டார். 1985 இல்தான் குட்டு உடைந்தது. அதனால் கிங்கின் வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், நாலு தட்டு தள்ளி பாக்மன் பெயரில் உட்கார்ந்திருப்பது கண்ணில் படாது.

இரண்டாவது, அச்சிலிருந்து எடுக்கப்பட்டவை. பாக்மன் பெயரில் முதலில் வந்த ‘ரேஜ்’, பள்ளியில் துப்பாக்கி எடுக்கும் மாணவனின் கதை. நிஜத்திலும் அப்படிச் சம்பவங்கள் நடக்கவே, கிங்கே அதை இனி அச்சிட வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். தனிப் புத்தகமாகக் கிடைத்தால் விலை எக்கச்சக்கமாக இருக்கும். ஆனால் 1985 இல் வந்த ‘தி பாக்மன் புக்ஸ்’ தொகுப்பின் பழைய அச்சுகளில் அந்த நாவல் முழுசாக இருக்கிறது. பிற்கால அச்சுகளில் இல்லை. எனவே அந்தத் தொகுப்பைப் பார்த்தால் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து எண்ணுங்கள். நான்கு நாவல் இருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது.

மூன்றாவது, ஒரே தலைப்பில் வெவ்வேறு பிரதிகள். ‘தி ஸ்டாண்ட்’ 1978 இல் வெட்டிச் சுருக்கி வெளியானது. வெட்டியதைத் திரும்பச் சேர்த்த பெரிய பதிப்பு 1990 இல் வந்தது. ‘தி கன்ஸ்லிங்கர்’ 1982 இல் வந்தது, 2003 இல் ஆசிரியரே திருத்தி எழுதினார். எது வேண்டும் என்பதை ஆண்டோடு எழுதி வையுங்கள்.

படி 2: படிக்கவா, சேகரிக்கவா?

இதை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். படிக்க மட்டும் என்றால் பக்கம் முழுசாக இருந்தால் போதும், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. சேகரிக்க என்றால் ஒவ்வொரு கீறலுக்கும் விலை மாறும். முதல் தடவை இறங்குபவர்கள் படிப்பதற்கே வாங்குங்கள் என்பது என் கட்சி. சேகரிப்புப் பைத்தியம் தானாக வந்து சேரும், அவசரப்பட வேண்டாம்.

படி 3: தட்டு மாறித் தேடுங்கள்

பழைய புத்தகக் கடையில் திகிலுக்கென்று தனித் தட்டு இருப்பது அபூர்வம். த்ரில்லர், அறிவியல் புனைவு, பொது நாவல், சிறுவர் பகுதி, இன்னும் பிரிக்காத பெட்டி என எங்கும் இருக்கலாம். சிறுகதைகளுக்குப் பலர் எழுதிய தொகுதிகளைப் பாருங்கள்; அட்டையில் உங்கள் எழுத்தாளர் பெயர் இல்லாவிட்டாலும் உள்ளே இருப்பார். கீழ்த்தட்டை விடாதீர்கள். குனிய சோம்பல்பட்டு எல்லாரும் விட்டுப்போவது அங்கேதான் இருக்கும். கடைக்காரரிடம் பட்டியலில் இரண்டு தலைப்புகளைச் சொல்லி வையுங்கள், வந்தால் எடுத்து வைப்பார்.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

இங்கே அவசரமே கூடாது. முதலில் கடைசிப் பக்கம். திகில் கதையில் கடைசித் தாள் இல்லையென்றால் அதைவிடப் பெரிய திகில் வேறில்லை. அப்புறம் நடுவில் திறந்து பாருங்கள், ஆனால் தட்டையாக விரிக்காதீர்கள். பழைய பேப்பர்பேக்குகளில், அதாவது மெல்லிய அட்டைப் புத்தகங்களில், பசை காய்ந்து மொறுமொறுப்பாகியிருக்கும். விரித்தால் ‘பட்’டென்று முதுகு பிளந்து தாள் கொத்தாகக் கையில் வரும். பாதி திறந்து, உள்ளே பசைக்கோடு தெரிகிறதா என்று எட்டிப் பாருங்கள்.

மூக்கருகில் கொண்டுபோங்கள். பழைய தாளின் வாசனை இருந்தால் சரி. ஈரத்துணி போல முக்கல் நாற்றம் அடித்தாலோ, ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை தெரிந்தாலோ வைத்துவிடுங்கள், எவ்வளவு அரிய புத்தகமாக இருந்தாலும். ஈரம் பட்டால் பூஞ்சை மற்ற புத்தகங்களுக்கும் பரவும். பக்கம் பழுப்பேறியிருப்பது வேறு விஷயம்; மலிவுத் தாளில் உள்ள அமிலத்தால் வருவது, படிக்கத் தடையில்லை.

முன்னட்டையே இல்லாத பேப்பர்பேக்கை வாங்காதீர்கள். அமெரிக்கப் பதிப்பகங்களிடம் விற்காத பிரதிக்குப் பணம் திரும்பப் பெற, அட்டையை மட்டும் கிழித்து அனுப்பிவிட்டு மீதியை அழிக்க வேண்டும் என்பது வழக்கம். அழிக்காமல் வெளியே வந்தது அது.

படி 5: முதல் பதிப்பா என்று பார்க்க

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள பதிப்பு விவரப் பக்கத்தைத் திருப்புங்கள். பல பதிப்பகங்கள் அங்கே 10 முதல் 1 வரை எண்களை வரிசையாகப் போடும். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் பொதுவாக எத்தனையாவது அச்சு என்று சொல்லும்; 1 இருந்தால் முதல் அச்சு. எல்லாப் பதிப்பகமும் இப்படிச் செய்யாது. கிங்கின் முதல் நாவலான ‘கேரி’யை 1974 இல் டபுள்டே பதிப்பகம் வெளியிட்டபோது, 199ஆம் பக்கத்தின் உள்ஓரத்தில் ‘பி6’ என்ற குறியீட்டைப் பொடி எழுத்தில் அச்சிட்டது. முதல் அச்சுக்கு அடையாளம் அதுதான்.

ஏமாறும் இடம் புக் கிளப் பதிப்பு, அதாவது புத்தகச் சங்க உறுப்பினர்களுக்கென்று தனியாக அச்சிட்டது. பார்க்க அசலைப் போலவே இருக்கும். ஆனால் மேலுறையின் உள்மடிப்பில் பெரும்பாலும் விலை இருக்காது, தாள் மெலிசாக இருக்கும், பின்னட்டையின் கீழ்மூலையில் சின்னப் பள்ளம் பதிந்திருக்கலாம். படிக்க நல்ல புத்தகம்தான், அசல் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

படி 6: இணையத்தில் வாங்கும்போது

ஏப்புக்ஸ் போன்ற தளங்களில் தேவையைப் பதிந்து வைத்தால் புத்தகம் வந்ததும் மின்னஞ்சல் வரும். ஐஎஸ்பிஎன் (ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் தனி எண்) கொண்டு தேடினால் அந்த ஒரு பதிப்பு மட்டுமே கிடைக்கும். ஏதாவது ஒரு பிரதி போதும் என்றால் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். நிலைமை ‘குட்’ என்று போட்டிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். இந்த வியாபாரத்தில் அதற்கு மேலே ‘வெரி குட்’, ‘ஃபைன்’ எல்லாம் இருக்கின்றன. ‘குட்’ என்றால் நன்றாக அடிபட்டது, பக்கம் மட்டும் முழுசு. படம் பொதுப் படமாக இருந்தால் அட்டை, முதுகு, பதிப்பு விவரப் பக்கம் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தபால் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், சில சமயம் அது புத்தகத்தைத் தாண்டிவிடும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

நேராக அலமாரியில் வைக்காதீர்கள். சில நாள் தனியாக வைத்து, பூச்சி ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, மைனஸ் 20 டிகிரி வரை போகும் ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள், இல்லையென்றால் ஈரம் புத்தகத்தின் மேலேயே படியும். பூச்சி சாகும், பூஞ்சை சாகாது. குளிரில் தூங்கிவிட்டு, ஈரம் கிடைத்ததும் மறுபடி எழுந்துகொள்ளும்.