ஆயுதக் குழு சமாதான உடன்படிக்கையைக் கடைப்பிடிக்கிறதா என்று கணிப்பது எப்படி

முதலில் உடன்படிக்கையின் மூலப் பிரதியை, இணைப்புகள் உட்பட, வரி விடாமல் படித்துவிட வேண்டும். தலைவர்களின் பேட்டிகளையோ எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டுகளையோ நம்பித் தொடங்கினால், குழு ஒப்புக்கொள்ளாத ஒன்றை மீறிவிட்டதாக எழுதவும், ஒப்புக்கொண்டதைக் கவனியாமல் விடவும் நேரிடும். ஒவ்வொரு கடமைக்கும் எதிரே, செய்ய வேண்டியது என்ன, எந்த நாளுக்குள், மறுதரப்பு எதைச் செய்யும்போது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடுவது மூன்றாவதைத்தான். அச்சேயில் 2005 ஆகஸ்டில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, கிளர்ச்சியாளர்கள் நான்கு கட்டங்களாக 840 ஆயுதங்களை ஒப்படைக்க, இந்தோனேசிய அரசும் அதே நான்கு கட்டங்களில், வெளியிலிருந்து அங்கே கொண்டுவந்த தன் படைகளை விலக்கிக்கொண்டது. இவ்வாறு பின்னிக் கிடக்கும் கடமைகளில் ஒரு பக்கத்தின் தாமதத்தை மட்டும் அளப்பது நேர்மையான கணிப்பாகாது.

ஒப்படைத்த ஆயுதங்களின் எண்ணிக்கை எளிதில் கிடைப்பதால் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்புக் கொடுத்துவிடுகிறோம். ஒப்படைத்தது எவ்வளவு என்பதோடு, கையில் இருந்தது எவ்வளவு, வந்தவை எத்தகையவை என்றும் கேட்க வேண்டும். கொலம்பியாவில் 2017இல் பார்க் (FARC) என்ற கிளர்ச்சி அமைப்பிடமிருந்து ஐ.நா. தூதுக்குழு 8,994 ஆயுதங்களைப் பெற்றது. முகாம்களில் கூடியிருந்த போராளிகள் ஏறத்தாழ 7,000 பேர் என்பதோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வந்தது என்று அந்த எண்ணின் பொருள் விளங்கும். அங்கோலாவிலோ, 1994 உடன்படிக்கைக்குப் பின் யுனிடா என்ற கிளர்ச்சி அமைப்பின் முகாம்களுக்கு வந்தவர்களில் பலர் உண்மையான போராளிகளே அல்லர். கொண்டுவந்த ஆயுதங்களில் பல பழுதடைந்தவை. 1998இல் அங்கே மீண்டும் முழுப்போர் மூண்டது.

ஆயுதத்தைவிட ஆட்சேர்ப்பு அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. நேபாளத்தில் ஐ.நா. நடத்திய சரிபார்ப்பில் 19,602 மாவோயிஸ்ட் போராளிகள் தகுதி பெற்றனர். தகுதியிழந்த 4,008 பேரில் பெரும்பாலோர் சிறார்கள், மற்றவர்கள் போர்நிறுத்த நடத்தை விதிகள் ஏற்கப்பட்ட 2006 மே மாதத்துக்குப் பின் சேர்க்கப்பட்டவர்கள். படையைக் கலைக்க எண்ணும் குழுவுக்குப் புது ஆள் எதற்கு என்ற கேள்வியை எந்த நாட்டிலும் கேட்கலாம். வட அயர்லாந்தில் 2004 முதல் 2011 வரை செயல்பட்ட சுயேச்சையான கண்காணிப்பு ஆணையம் துப்பாக்கிகளோடு நிற்காமல், கொள்ளை, கப்பம், தண்டனைத் தாக்குதல், உளவு திரட்டல் ஆகியவற்றையும் தொடர்ந்து பதிவு செய்தது. அங்கே 1998 உடன்படிக்கை ஆயுதக் களைவுக்கு இரண்டு ஆண்டுகளைக் குறித்திருந்தும், ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழு அதை முடித்தது 2005 செப்டம்பரில்தான். அந்த நீண்ட தாமதத்தின்போது குழு எந்தத் திசையில் நகர்கிறது என்று அறிய இத்தகைய பதிவுகளே உதவின.

ஒரு தாக்குதல் நடந்துவிட்டால், உடனே உடன்படிக்கை முறிந்தது என்று எழுதிவிடாதீர்கள். கட்டளை எங்கிருந்து வந்தது, தலைமைக்கு முன்பே தெரியுமா, தெரிந்த பின் சில நாட்களுக்குள் அது என்ன செய்தது என்று வரிசையாக விசாரியுங்கள். மூன்றாவது கேள்விக்கான விடையையே நான் அதிகம் நம்புகிறேன். கொலம்பியாவில் 2019 ஆகஸ்டில், சமாதானப் பேச்சில் பார்க் தரப்புக்குத் தலைமை தாங்கிய இவான் மார்க்கெஸ் மீண்டும் ஆயுதம் ஏந்துவதாக அறிவித்தபோது, அதற்குள் அரசியல் கட்சியாக மாறியிருந்த பார்க்கின் தலைமை அதை வெளிப்படையாக நிராகரித்து உடன்படிக்கையில் நிலைத்து நின்றது. ஆகவே அது பிரிந்து போனவர்களின் செயல். சியரா லியோனிலோ, உடன்படிக்கை தந்த அரசுப் பதவியில் கிளர்ச்சித் தலைவர் போடே சங்கோ அமர்ந்திருந்தபோதே, 2000 மே மாதத்தில் அவருடைய ஆர்.யு.எஃப். படையினர் பல இடங்களில் ஏறத்தாழ 500 ஐ.நா. அமைதிப்படையினரைப் பிடித்து வைத்தனர். அதைக் கட்டுக்கடங்காத ஓர் அணியின் செயல் என்று ஏற்க இடமில்லை.

களத்தில் விசாரிக்கும்போது, சமாதானம் நிலவுகிறதா என்று பொதுவாகக் கேட்பதால் பயனில்லை. இருட்டிய பின் சாலையில் போகிறார்களா, வியாபாரி இன்னும் கப்பம் கட்டுகிறாரா, பதின்வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். விடை சொல்பவருக்கு அதனால் உயிராபத்து வரலாம். அவருடைய பெயரும் ஊரும் உங்கள் குறிப்பேட்டில்கூட இருக்கக் கூடாது.

அறிக்கையைப் பிரிவு பிரிவாக எழுதி, ஒவ்வொன்றும் உறுதியானதா, பெரும்பாலும் உண்மையா, சரிபார்க்கப்படாததா என்று தேதியுடன் குறிப்பிடுங்கள். கண்காணிப்பாளர்கள் வெளியேற நேர்ந்த இடங்களில் புகார்கள் குறைவது அமைதிக்குச் சான்றாகாது. இலங்கையில் 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடை செய்த பின், புலிகளின் கோரிக்கையால் டென்மார்க், பின்லாந்து, சுவீடன் நாட்டுப் போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் வெளியேற, நார்வேயும் ஐஸ்லாந்துமே எஞ்சின. அவ்வாறு கண் எட்டாமல் போன பகுதியைப் பற்றி ‘மீறல் இல்லை’ என்று எழுதாமல், ‘பார்க்க இயலவில்லை’ என்றே எழுதுங்கள்.