ஒற்றை எண்ணா, ஓர் உறுப்பு வெக்டாரா? நெட்சிடிஎஃப் கோப்பில் நான் வழுக்கிய இடம்

ஜனவரி மாத வெப்பநிலைத் தரவிலிருந்து நாளுக்கு ஒன்றாக 31 நெட்சிடிஎஃப் (வானிலை, காலநிலைத் தரவை வைக்கும் கோப்பு வடிவம்) கோப்புகளை வெட்டி வைத்திருந்தேன். பிறகு எக்ஸ்அரே என்ற பைதான் நூலகத்தில் ஓப்பன்_எம்எஃப்டேட்டாசெட் போட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் திறக்கப் பார்த்தால், கோப்புகளை வரிசைப்படுத்த உதவும் பரிமாணம் (நேரம், அட்சரேகை போன்ற அச்சு) எதுவும் கிடைக்கவில்லை என்று பிழை. தேதி ஒவ்வொரு கோப்பிலும் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. அப்புறம் என்ன? அரை நாள் போனது. (கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.)

முதலில் கோப்பின் தலைப்பைப் பாருங்கள். படம் போட்டுக் காட்டும் மென்பொருள் எதையும் இதற்காகத் திறக்க வேண்டாம், தலைப்பை மட்டும் எழுத்தாகக் காட்டும் என்சிடம்ப் -எச் கட்டளை போதும். என் கோப்பில் இருந்த வரி:

டபுள் டைம் ;

இருந்திருக்க வேண்டிய வரி:

டபுள் டைம்(டைம்) ;

அந்த அடைப்புக்குறிதான் மொத்த விஷயமும். முதலாவது ஸ்கேலார்: பரிமாணமே இல்லாத வெறும் எண். பைதானின் எண் நூலகமான நம்பையில் அதன் வடிவம் (). இரண்டாவது ஓர் உறுப்பு மட்டுமே உள்ள வெக்டார், வடிவம் (1,). மதிப்பு ஒன்றுதான். ஆனால் ஒன்று உதிரிப்பூ, மற்றது நாரில் கட்டிய ஒற்றைப் பூ. நார் இருந்தால்தானே அடுத்த பூவைக் கட்ட முடியும்?

சிஎஃப் மரபு (நெட்சிடிஎஃப் கோப்பில் விவரங்களை எப்படி எழுதுவது என்ற பொது விதிகள்) இரண்டையும் ஏற்கிறது. எண் மதிப்புள்ள ஸ்கேலார் ஆயமும் (ஆயம் என்பது தரவு எந்த நேரம், எந்த இடம் என்று சொல்லும் மதிப்பு), அளவு 1 உள்ள ஆய மாறியும் ஒரே தகவலைத்தான் தருகின்றன என்கிறது. தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்து வெப்பநிலை என்றால், 'ஹைட்' என்ற ஸ்கேலாரில் 2 என்று வைத்து, வெப்பநிலை மாறியின் 'கோஆர்டினேட்ஸ்' பண்பில் அந்தப் பெயரைக் குறித்தால் முடிந்தது. காலநிலை மாதிரிகளை ஒப்பிடும் சிஎம்ஐபி6 திட்டத்தின் கோப்புகளில் இப்படித்தான் இருக்கும். பொருள் ஒன்று என்பதால் நிரலும் இரண்டையும் ஒன்றாகவே நடத்தும் என்று நம்பியதுதான் என் தப்பு.

சரி, எங்கே வழுக்கினேன்? வெட்டும்போது ஐசெல்(டைம்=0) என்று எழுதியிருந்தேன். எண்ணைக் கொடுத்தால் எக்ஸ்அரே அந்தப் பரிமாணத்தையே கழற்றிவிடும். தேதி ஸ்கேலாராக ஒட்டிக்கொண்டிருக்கும். ஐசெல்(டைம்=[0]) என்று சதுர அடைப்புக்குறிக்குள் பட்டியலாகக் கொடுத்திருந்தால் பரிமாணம் தங்கியிருக்கும். இரண்டே எழுத்து வித்தியாசம்.

ஏற்கெனவே வெட்டிய கோப்புகளை மறுபடி வெட்ட வேண்டாம். எக்ஸ்பேண்ட்_டிம்ஸ்("டைம்") செய்து திருப்பித் தரும் சின்னச் சார்பை எழுதி, திறக்கும்போது ப்ரீபிராசஸ் என்ற இடத்தில் கொடுங்கள். ஸ்குவீஸ் பக்கம் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். பெயர் சொல்லாமல் விட்டால் அளவு 1 உள்ள எல்லாப் பரிமாணத்தையும் கழற்றிவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் வெக்டாராக்குவதும் தப்பு. 100 மீட்டர் காற்று வேகத்திலிருந்து 10 மீட்டர் காற்று வேகத்தைக் கழிக்கிறீர்கள் என்று வையுங்கள். உயரம் ஸ்கேலாராக இருந்தால் கழித்தல் நடக்கும். ஒத்துப்போகாத உயரம் விடையிலிருந்து உதிர்ந்துவிடும். அதுவே அளவு 1 உள்ள பரிமாணமாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான உயரம் இல்லை என்று எக்ஸ்அரே காலி அணியைக் கையில் கொடுக்கும். பிழைச் செய்தி கூட வராது. அதனால் என் வழக்கம்: பின்னால் கோக்கப்போவது வெக்டார், சும்மா விவரம் சொல்வது ஸ்கேலார்.

பிற்சேர்க்கை: எக்ஸ்பேண்ட்_டிம்ஸ் போட்டதும் அட்சரேகை எல்லைகளைச் சொல்லும் 'லாட்_பிஎன்டிஎஸ்' மாறிக்கும் டைம் முளைத்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். தரவுத்தொகுப்பு முழுவதற்கும் போட்டால் ஆயமாக இல்லாத எல்லா மாறிக்கும் முளைக்கும். லாட்_பிஎன்டிஎஸ் மாறியை முதலில் செட்_கோஆர்ட்ஸ் மூலம் ஆயமாக்கிவிட்டு, அப்புறம் விரியுங்கள்.

இன்னொருவர் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்ட என்சிஆர்கேட் என்ற கட்டளையைப் பயன்படுத்துகிறார். அதற்குப் பரிமாணம் இருந்தால் மட்டும் போதாது, அது எல்லையற்ற (பின்னால் நீட்டிக்கொண்டே போகக்கூடிய) பரிமாணமாகவும் இருக்க வேண்டும். என்சிகேஎஸ் கட்டளையில் --எம்கே_ரெக்_டிஎம்என் டைம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.