பாலக்காடு பக்கம் புது வீடு கட்டறவங்க, கரண்ட் கணக்கை பிளான்லயே பாருங்க

ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் குடுக்கற மத்திய அரசோட அதே பி.ஈ.ஈ இப்ப வீட்டுக்கும் 1லேர்ந்து 5 ஸ்டார் வரைக்கும் குடுக்குது, ஆனா பூச்சு வேலை முடிஞ்சப்புறம் கேட்டா ஒண்ணும் மாத்த முடியாதுங்க, பிளான் கையில இருக்கறப்பவே இன்ஜினியர்கிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா (வீட்டுக்கான கரண்ட் சிக்கன விதிகள்) படி கணக்குப் போடச் சொல்லுங்க. மொதல்ல ஜன்னல். கொழிஞ்சாம்பாறை மாதிரி புழுங்கற ஊருக்கு கார்பெட் ஏரியால (சுவருக்குள்ள இருக்கற தரைப் பரப்பு) 16.66 சதவீதம் திறக்கற இடம் வேணும், அதாவது 1200 சதுர அடிக்கு 200, வீட்டுக்கு வெளிப்பக்கம் பாத்த கதவும் இதுல சேரும், ரெண்டு கதவு ஸ்லைடிங் போட்டா பாதிதான் திறக்கும் பாதிதான் கணக்கு, அதனால கீல் வச்ச ஜன்னலே போடுங்க. கூரையோட யு வேல்யூ, அதாவது சூடு எவ்வளவு உள்ள கடக்குதுங்கற அளவு, 1.2 தாண்டக்கூடாது, வெறும் கான்கிரீட் அதுக்குள்ள வரவே வராது, மேல இன்சுலேஷன் போட்டு வெள்ளை ஓடு பதிச்சாத்தான் பங்குனி வெயில்ல ராத்திரி தூங்க முடியும். சுவருக்கு ஆர்.ஈ.டி.வி, அதாவது சுவர் ஜன்னல் வழியா உள்ள வர்ற சூட்டோட அளவு, 15க்குள்ள இருக்கணும், மேக்கால சன்ஷேடு நல்லா நீட்டி விடுங்க.