பழைய டீசல் காரின் டர்போ: ஏற்காடு ஏறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய டீசல் கார் வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பார்ப்பவர்கள் குறைவு. சேலத்தின் சமதளச் சாலைகளில் ஓடும் வரை அதுவும் சும்மா இருக்கும். அடிவாரம் தாண்டி, ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். இழுவை குறையும், பின்னால் கரும்புகை வரும், முன்னால் ஊளைச் சத்தம் கேட்கும். "டர்போ போய்விட்டது, மாற்றிவிடலாம்" என்று பட்டறையில் சொன்னதும் பலர் தலையாட்டிவிடுகிறார்கள். காரணத்தைத் தேடாமல் டர்போவை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

டர்போ தானாகக் கெடுவது அரிது. என்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் சுழலும் அதன் தண்டு, நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுகளைத் தாண்டும். அந்த வேகத்தில் தண்டைத் தாங்கி நிற்பது பேரிங்கில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் வரத்து சில நொடிகள் தடைப்பட்டாலே பேரிங் தேயத் தொடங்கிவிடும். எனவே டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழாயே விரல் பருமன்கூட இருக்காது. பல வண்டிகளில் அதன் உள்சுவரில் ஆயில் கருகிக் கரியாகப் படிந்து, நடுவே ஊசி நுழையும் வழிதான் மிஞ்சியிருக்கும். சில வண்டிகளில் குழாயைப் பொருத்தும் போல்ட்டுக்குள் சின்ன வலை வடிகட்டி ஒன்றும் இருக்கும். அதில் கசடு அடைத்திருக்கும். இதை அப்படியே வைத்துப் புது டர்போ பொருத்தினால் அதுவும் அதே வழியில் போகும். குழாயைச் சுத்தம் செய்து மறுபடி மாட்டுவதைவிடப் புதிதாக வாங்கிப் போடுவதே நல்லது. ஆயில் வழிகளில், கசிவைத் தடுக்கப் பூசும் கேஸ்கெட் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசுவதும் ஆபத்து. அது பிசிறாகப் பிய்ந்து உள்ளே போய் வழியை அடைக்கும்.

புது டர்போவைப் பொருத்தியவுடன் சாவியைத் திருப்பவும் கூடாது. டர்போவின் ஆயில் துளையில் புது ஆயில் ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்ட பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய டர்போவின் இறக்கை உடைந்திருந்தால் துண்டுகள், டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் கிடக்கும். அதையும் கழற்றிக் கழுவுங்கள்.

அடுத்தது ஓட்டுபவரின் பழக்கம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் 300 மீட்டர்கூட இல்லை. அந்த ஏற்றம் முழுவதும் டர்போ உச்சச் சூட்டில் வேலை செய்கிறது. பாதி மலையில் படம் எடுக்க ஓரங்கட்டி, அந்த நொடியே என்ஜினை அணைப்பதுதான் அதற்குச் செய்யும் பெரிய கொடுமை. ஆயில் ஓட்டம் நின்றுவிட, பேரிங்கில் தங்கிய ஆயில் அந்தச் சூட்டிலேயே கருகுகிறது. ஓரிரு நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். ஊருக்குள் நிதானமாக ஓட்டி ஏரிக்கரை வரை போகிறவர்களுக்கு அந்த நிதானமே பெரும்பாலும் போதும். அணைப்பதற்கு முன் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிக்கும் பழைய பழக்கத்தைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். தண்டு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே ஆயில் நின்றுபோகும்.

சேலத்தின் மாமாங்கம் போன்ற மேக்னசைட் சுரங்கப் பகுதிகளில் ஓடும் வண்டிகளுக்கு ஏர் ஃபில்டர் உயிர்நாடி. கம்ப்ரஸர் காற்றால் ஊதி ஊதி அதையே ஓட்டினால் காகிதம் கிழியும். உள்ளே போகும் தூசி இறக்கை விளிம்புகளை அரித்துவிடும்.

நல்ல டர்போவைக் கெட்டது என்று தூக்கிப்போடுவதும் நடக்கிறது. காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. ஆயில் படலம் தங்க அந்த இடைவெளி வேண்டும். முன்னும் பின்னும் இழுக்கும்போது ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தாலோதான் கவலை. இன்டர்கூலர் குழாயில் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பதைக் கண்டும் பயப்பட வேண்டாம். ஆயில் தேங்கி நின்றால் முதலில் என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதரையும், ஆயில் திரும்பிப் போகும் குழாயையும் பாருங்கள். அவை அடைத்திருந்தால் நல்ல டர்போவும் ஒழுகும்.

அந்த ஒழுக்கைத் தள்ளிப்போடக் கூடாது. ஆயில் மிகுதியாக என்ஜினுக்குள் போனால் டீசல் என்ஜின் அதையே எரித்துக்கொண்டு தானாக வெறிபிடித்து ஓடும்; சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியாக இருந்தால் பிரேக்கை முழுவதும் அழுத்தி, மேல் கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்துங்கள். அந்த நிலையில் பானெட்டைத் திறந்து அருகில் நிற்காதீர்கள்.