ஒரே லென்ஸ் வாங்கும்போது சின்ன எண்ணைக் கவனியுங்கள்

பயணத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஜூம் லென்ஸ் வாங்கலாம் என்று கிளம்புகிறவர்களின் கண் முதலில் போவது பெரிய எண்ணின் மேல்தான். லென்ஸின் பெயரில் மி.மீ.யில் இரண்டு எண்கள் இருக்கும்: சின்னது எவ்வளவு விரிந்த காட்சி (வைட்) கிடைக்கும் என்பதையும், பெரியது தூரத்தை எவ்வளவு இழுக்கும் (டெலி) என்பதையும் சொல்லும். 18-135ஐ விட 18-300 நல்லது, 18-400 அதைவிட நல்லது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. அந்த ஆசை புரிகிறது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துப் பார்ப்பதில் ஒரு தனி சந்தோஷம் உண்டு. ஆனால் இந்த வகை லென்ஸில் ஏமாற்றம் பெரும்பாலும் சின்ன எண்ணில்தான் ஒளிந்திருக்கிறது.

எனக்கு அது தஞ்சாவூரில் புரிந்தது. கிராப் சென்சார் கேமரா வைத்திருந்தேன், அதாவது படத்தைப் பதியும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிமை விடச் சின்னதாக இருக்கும் கேமரா. மலிவாகக் கிடைத்ததே என்று பழைய 28-200 லென்ஸ் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு பெரிய கோயிலுக்குப் போனேன். 216 அடி விமானம் கண் முன்னால் நிற்கிறது, ஃபிரேமுக்குள் அடங்கவே இல்லை. பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். திருச்சுற்று மண்டபத்தில் முதுகு முட்டிய பிறகும் கலசம் வெளியேதான் நின்றது. கடைசியில் போனில் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

லென்ஸில் குறை எதுவும் இல்லை. 28-200 என்பது 35 மி.மீ. ஃபிலிமுக்காகப் பிறந்த அளவு. டாம்ரான் 1992-ல் அதைக் கொண்டுவந்தபோது, 28 என்றால் ஓரளவு விரிந்த காட்சி. அதையே கிராப் சென்சாரில் மாட்டினால் நிக்கான், சோனி, ஃபியூஜியில் 1.5 ஆலும் கேனானில் 1.6 ஆலும் பெருக்க வேண்டும். 28 என்பது 42 ஆகிவிடும், அதாவது வைடே இல்லை. கிராப் சென்சார் கேமராவுக்கு 18-ல் அல்லது 16-ல் தொடங்கும் லென்ஸ்தான் வேண்டும். ஃபிலிம் அளவிலேயே சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு 24 அல்லது 28. இப்போதும் பலர் "பிறகு ஃபுல் ஃபிரேம் வாங்குவேன், அப்போதும் உதவும்" என்று நினைத்து இந்தத் தவறைச் செய்கிறார்கள். வராத கேமராவுக்காக, கையில் இருக்கும் கேமராவின் வைடை இழக்கிறார்கள்.

சரி, 24-க்கும் 28-க்கும் அவ்வளவு வித்தியாசமா? ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. 84 டிகிரி கோணத்தைக் காட்டும், 28 மி.மீ. 75 டிகிரி. ஒரு குறுகலான தெருவிலோ, பத்துப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த கல்யாணப் பந்தியிலோ அந்த 9 டிகிரிக்குள் இரண்டு பேர் இருப்பார்கள். டெலி பக்கம் வந்தால் கதை வேறு. 200-ல் எடுத்த 24 மெகாபிக்சல் படத்தை 300 அளவுக்கு வெட்டினால் இன்னும் 10 மெகாபிக்சலுக்கு மேல் மிச்சம் இருக்கும். ஏ4 தாளில் அச்சிட அது தாராளம். டெலியில் குறைந்ததை ஓரளவு வெட்டி ஈடுகட்டலாம், வைடில் விட்டுப்போனதை அப்படிக் கொண்டுவர முடியாது. நாலைந்து படம் எடுத்து ஒட்டலாம்தான், ஆனால் குழந்தை ஓடிக்கொண்டிருக்கும்போது அதெல்லாம் நடக்காது.

எனவே லென்ஸ் தேடும் முன் ஒரு மாலை நேரத்தை உங்கள் பழைய படங்களுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் அது எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது என்று இருக்கும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸின் 18-லேயே பாதிப் படம் எடுத்திருந்தால் உங்களுக்கு 300 எதற்கு? 55-ல் முட்டி முட்டி நிற்கிறது என்றால் டெலி வேண்டும். வேடந்தாங்கலுக்கு ஒவ்வொரு சீசனும் போகிறவர் 18-300 வாங்குவதில் நியாயம் இருக்கிறது. கரையிலிருந்து மரத்து நாரையை எடுக்க கிட் லென்ஸ் எந்த மூலைக்கு?

அடுத்தது வெளிச்சம். எஃப் எண் சின்னதாக இருந்தால் லென்ஸுக்குள் அதிக ஒளி வரும். பெட்டியில் எஃப் 3.5-6.3 என்று இருந்தால் 3.5 என்பது வைட் முனைக்கு மட்டும். கொஞ்சம் ஜூம் செய்ததுமே அது கைவிட்டுப் போகும். கோயில் பிராகாரம், மாலைக் கச்சேரி, வீட்டுக்குள் பிறந்தநாள் எல்லாவற்றிலும் இது உறைக்கும். எஃப் 5.6-ல் வருவதைப்போல் 10 மடங்கு ஒளி எஃப் 1.8-ல் வருகிறது. எஃப் 1.8-ல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 640 போதும் என்றால் எஃப் 5.6-ல் 6400 வைக்க வேண்டும். அதனால் "ஒரே லென்ஸ்" என்ற வைராக்கியத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் பையில் போடுங்கள் என்பேன். கேனானுடையது 160 கிராம்தான். கிராப் கேமரா என்றால் 35 மி.மீ. இன்னும் வசதி.

"இதில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, இருட்டிலும் எடுக்கலாம்" என்பார்கள். அது தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை. எதிரே ஆடுகிறவரின் கால் அசைவை அது நிறுத்தாது, அதற்கு ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 250-ல் ஒரு பங்காவது (1/250) வேண்டும். அப்புறம், எல்லா ஆல்-இன்-ஒன் லென்ஸிலும் அது இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சோனிக்கான டாம்ரான் 28-200 எஃப் 2.8-5.6 அருமையான லென்ஸ், 575 கிராம், ஆனால் லென்ஸுக்குள் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. கேமராவுக்குள் இருந்தால் கவலையில்லை. சோனி ஏ6400 போன்ற கேமராவில் அதுவும் இல்லை.

எடையைப் பட்டியலில் படித்தால் போதாது. சோனி 18-135 லென்ஸ் 325 கிராம், டாம்ரான் 18-300 ஏறத்தாழ 620 கிராம். காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். மதுரை வெயிலில் நாலு மணி நேரம் கழுத்தில் தொங்கினால் தெரியும். கடையில் உங்கள் கேமராவிலேயே மாட்டி, பத்து நிமிடம் கையில் வைத்துப் பாருங்கள். லென்ஸைத் தரையை நோக்கிப் பிடித்தால் குழல் தானாக இறங்குகிறதா என்றும் பாருங்கள். இறங்கினால் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவதாக இருந்தால் போன் டார்ச்சைப் பின்பக்கம் வைத்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் அது வேகமாகப் பரவும். புது லென்ஸையும் தோல் பையிலேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.