பிள்ளைகளோடு வியட்நாமில் தொண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி பேசினார். மனைவி பேச்சுப் பயிற்சியாளர், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. டா நாங் நகரில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான மையம் ஒன்றில் ஓராண்டு தன்னார்வலராக இருக்க அழைப்பு வந்திருக்கிறது. டிக்கெட் போட்டாயிற்று. "விசா?" என்று கேட்டேன். "மூணு மாச இ-விசா எடுத்துட்டோம்க்கா. மத்ததை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. 2018இல் நான் சொன்ன அதே வாக்கியம்.

நான் பிசியோதெரபிஸ்ட். அந்த வருடம் ஜூனில் கணவர், ஐந்து வயது மகள், ஒன்றரை வயது மகன் என்று நாலு பேராக டா நாங் போய் ஒன்றரை வருடம் இருந்தோம். அதன்பிறகு அங்கே கிளம்புகிற குடும்பங்கள் யாராவது அவ்வப்போது கூப்பிடுவார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதே, சந்தையில் பேரம் பேசு, கொசுவலை கட்டு என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. கொசுவைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திரும்பத் திரும்ப நான் பார்க்கிற, நானே செய்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காகிதங்களை "அங்கே போய்" பார்த்துக்கொள்வது

2023 ஆகஸ்டிலிருந்து வியட்நாம் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் இ-விசா தருகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. வீட்டில் உட்கார்ந்தே எடுத்துவிடலாம். இந்த வசதியில்தான் இப்போது பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். சம்பளம் வாங்கவில்லை, அதனால் தொண்டு வேலையாகாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த நாட்டுச் சட்டத்தின் கண்ணில் அதுவும் வேலைதான். பணி அனுமதியோ, அது தேவையில்லை என்ற உறுதிச் சான்றோ இருக்க வேண்டும். அதற்கு மையம் ஏற்பாடு செய்யும். ஆனால் அது உங்களுக்கு மட்டும். கணவரும் பிள்ளைகளும் உங்களைச் சார்ந்தவர்கள் என்று காட்டித்தான் அவர்களுக்கு நீண்டகால விசா வாங்க முடியும். அதைக் காட்டத் திருமணச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழ்களும் வேண்டும். சும்மா நகல் போதாது. நாங்கள் போன 2018இல், இங்கே மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம், அதன்பின் டெல்லியிலுள்ள வியட்நாம் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வாங்கி, அங்கே போய் வியட்நாமிய மொழியில் பெயர்த்துச் சான்று வாங்க வேண்டியிருந்தது.

இதில் எதையும் நாங்கள் செய்யவில்லை. டிக்கெட் போட்டுக்கொடுத்தவர் "அங்க போய் மாத்திக்கலாம் மேடம்" என்றார், நம்பிவிட்டோம். மூன்று மாத சுற்றுலா விசாவில் இறங்கினோம்.

ஜூலையில் ஒருநாள் மையத்தின் அலுவலகம் பார்க்கிற அக்கா எங்கள் நாலு பாஸ்போர்ட்டையும் மேஜையில் வரிசையாக விரித்து வைத்தார். விரலை ஒவ்வொரு குடும்பப்பெயர் மேலும் வைத்துக்கொண்டே போனார். என்னுடையதில் என் அப்பா பெயர். அதில் அவருக்குச் சிக்கலில்லை. வியட்நாமில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையே வைத்திருப்பார்கள். கணவருடையதில் மாமனார் பெயர். மகளுடையதில் கணவர் பெயர். அங்கே விரல் நின்றது. குழந்தைக்கு அப்பாவின் குடும்பப்பெயர் வருவதுதான் அவர்களுக்கு வழக்கம். "இந்தக் குழந்தைக்கு இவர்தானே அப்பா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இனிஷியல் என்பதை இன்னொரு நாட்டவருக்கு விளக்கிப் பாருங்கள், அப்போது தெரியும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும் என்பதால், நம் வீடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை குடும்பப்பெயர் மாறுகிறது. அந்த நாட்டிலோ ஏறத்தாழ பத்தில் மூன்று நாலு பேருக்கு ங்குயென் என்ற ஒரே குடும்பப்பெயர். நான் ஒரு தாளில் தாத்தா, அப்பா, மகள் என்று கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்குப் புரிந்துவிட்டது. முத்திரை போடுகிறவருக்குப் புரிய வேண்டுமே" என்றார்.

சரி, பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் தீர்ந்தது என்று பார்த்தால் அதிலும் கோளாறு. பிரசவ வார்டில் அவசர அவசரமாகக் கணவர் எழுதிக்கொடுத்த என் பெயரில், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் 'எச்' குறைவு. அவர் பெயர் இனிஷியலோடு இருந்தது. போதாக்குறைக்கு இரண்டு சான்றிதழையும் நான் லேமினேட் செய்து வைத்திருந்தேன். பத்திரமாக வைக்கிறோம் என்று நம்மூரில் எல்லோரும் செய்வதுதான். பிளாஸ்டிக் மேல் எப்படி முத்திரை குத்துவார்கள்? புதுச் சான்றிதழ் வாங்குவது தவிர வழியில்லை.

திருமணச் சான்றிதழ்? எங்களிடம் அப்படி ஒன்றே கிடையாது. 2011இல் கல்யாணம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்பது தெரியும். "அப்புறம் பண்ணிக்கலாம்" என்று விட்டது ஏழு வருடம் ஓடிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கும் அது தேவைப்படவில்லை, நினைவும் வரவில்லை. பதிவுக்குக் கணவன் மனைவி இருவரும் சார்பதிவாளர் முன்னால் நேரில் நிற்க வேண்டும். ஆக, யாராவது ஒருவர் மட்டும் ஊருக்குப் போய்வரலாம் என்ற வழியும் அடைத்தது.

செப்டம்பரில் நாலு பேரும் கோலாலம்பூர் வழியாகத் திருச்சி வந்து இறங்கினோம். கோவை மாநகராட்சியில் பெயர்த் திருத்தம், சார்பதிவாளர் அலுவலகம், சென்னை, டெல்லி. திரும்பிப் போகும்போது நவம்பர் பாதி. டிக்கெட், ஏஜென்ட் கூலி, பூட்டிக்கிடந்த வீட்டுக்கு வாடகை எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்க்கு மேல் போனது.

பணம் போனதைக்கூட மறந்துவிட்டேன். மையத்தில் நாலு வயதுப் பையன் ஒருவன் இருந்தான், மூளை முடக்குவாதம். பாட்டி இரண்டு பேருந்து மாறி வாரம் இரண்டு முறை தூக்கிக்கொண்டு வருவார். ஆகஸ்ட் கடைசியில் அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு எண்ணும்வரை நின்றான். பாட்டி என் கையைப் பிடித்து அழுதார். "இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன். திரும்பிப் போனபோது சுவரில் மாட்டியிருந்த அட்டவணையில் என் பெயரை அழித்திருந்தார்கள். பாட்டி வருவதை நிறுத்திவிட்டிருந்தார். அவரைத் திரும்ப வரவழைக்க டிசம்பர் ஆனது. பையனின் கால் தசை இறுகிப்போய், நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம். யாராவது "போய்ப் பாத்துக்கலாம்" என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

எனவே கிளம்புவதற்கு நாலு மாதம் முன்பே உட்காருங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் திருத்துங்கள். திருத்த முடியாத இனிஷியல் சிக்கலுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து, அதையும் முத்திரைக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அசல் வாங்குங்கள். முத்திரை விதிகள் மாறக்கூடியவை. போன வருடம் போனவர் சொன்னதை நம்பாமல் தூதரகத்திலேயே கேளுங்கள்.

கணவன் மனைவி இருவரும் முழுநேரம் தொண்டு செய்வது

கணவரும் அதே மையத்தில் கணினி சொல்லித்தர ஒப்புக்கொண்டிருந்தார். மகன்? "அங்கேயே எங்காவது விளையாடிக்கொண்டிருப்பான்" என்பது எங்கள் திட்டம். மூன்று வாரம் அப்படித்தான் நடந்தது. யார் மடியிலாவது இருப்பான், சோறும் யாராவது ஊட்டுவார்கள். அந்த ஊர்க்காரர்களுக்குக் குழந்தை என்றால் உயிர். எதுவும் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் அலுவலக அக்கா, "உங்கள் ஊரில் தாத்தா பாட்டிதான் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்களா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. உதவி செய்யப் போன நாங்கள் அவர்களுக்கு இன்னொரு குழந்தையைக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். கணவர் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். இரண்டு வயதானதும் பக்கத்துத் தெருப் பாலர் பள்ளியில் சேர்த்தோம்.

அநாதை இல்லத்தில் ஒரு மாதச் சேவை

வேண்டாம். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் ஐந்தில் நாலு பேருக்காவது பெற்றவர்களில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று 'சேவ் த சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்பு 2009இலேயே உலக அளவில் எழுதியது. மாதம் ஒரு புது அண்ணா, புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தக் குழந்தைகளுக்கு நல்லதல்ல. உங்கள் பிள்ளைக்கு "இல்லாதவர்களைக் காட்ட" என்றால் இன்னும் மோசம்.

படம் எடுத்துப் போடுவது

உங்கள் குழந்தையைச் சிகிச்சை அறையில் யாராவது படமெடுத்துப் போட்டால் பொறுத்துக்கொள்வீர்களா?

வீட்டைப் பார்த்துவிட்டு மாடிப்படியைப் பார்க்காதது

அங்கே வீடுகள் குழாய் மாதிரி. நாலைந்து மீட்டர் அகலம், நீளமாக உள்ளே போகும், மேலே மூன்று நாலு மாடி. படி செங்குத்து, வழவழவென்று கல், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஒன்றரை வயதுத் தலை தாராளமாக நுழையும். முதல் வாரமே மகனைப் பதினோராவது படியில் பிடித்தோம். டா நாங் கடலோர ஊர். சந்தையில் மீன்வலை வாங்கி மூன்று மாடிக்கும் கட்டினோம். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, என்ன மீன் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்.

இன்னொன்று: நீங்கள் தங்குவதை வீட்டுக்காரர் 12 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறையில் பதிய வேண்டும். பதிந்தாயிற்றா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஸ்கூட்டர்

இந்தியாவில் தருகிற சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. ஆக, விபத்தென்றால் நீங்கள் உரிமமில்லாதவர், காப்பீட்டு நிறுவனம் கைவிரித்துவிடும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன் இதை யோசியுங்கள். நாங்கள் செயலியில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் காரிலும் சைக்கிளிலும் காலம் தள்ளினோம். ஆம்புலன்ஸ் எண் 115.

மத்தியானம் கூட்டம் வைப்பது

பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை மையமே தூங்கும். பாய் விரித்து, விளக்கணைத்து. நான் பன்னிரண்டரைக்குப் பெற்றோர் வகுப்பு வைத்தேன். யாரும் மறுக்கவில்லை, யாரும் விழித்திருக்கவுமில்லை.

காய்கறி என்றால் சைவம் என்று நம்புவது

கீரைப் பொரியல்கூட மீன்சாற்றில்தான் வதங்கும், சூப்புக்கு அடியில் எலும்பு கொதிக்கும். 'சாய்' என்ற சொல்லைப் பழகுங்கள். பௌத்தர்களின் சைவ உணவுக்கு அதுதான் பெயர். அமாவாசையை ஒட்டிய முதல் நாளும் பௌர்ணமியும் பலர் சைவம் சாப்பிடுவதால் அன்றைக்குக் கிடைப்பது எளிது. நம்மூர் மாதிரிதான்.

செயலியில் வியட்நாமிய மொழி படித்துவிட்டுப் போவது

செயலி பேசுவது பெரும்பாலும் ஹனோய் உச்சரிப்பு. டா நாங் சந்தையில் அது பாதிதான் செல்லும். மொழியைவிட முறை முக்கியம்: அங்கே 'நான்', 'நீ' என்று பொதுவாகப் பேச முடியாது, அண்ணன், அக்கா, சித்தப்பா, பாட்டி என்று உறவு சொல்லித்தான் பேச்சே தொடங்கும். முதல் கேள்வியாக வயதைக் கேட்பது அதற்குத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு.

தொனிதான் கஷ்டம். மகன் சந்தையில் "மா! மா!" என்று கத்துவான். ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னால் அதற்குப் பேய் என்று அர்த்தம். மீன்காரப் பாட்டி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, குரலை மேலே ஏற்றி அம்மா என்று பொருள்படும் 'மா'வைச் சொல்லிக்கொடுத்தார். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டான். எனக்கு மூன்று மாதமானது.

டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டுக்கு முந்தைய வாரத்தில் அலுவலக வேலை வைத்துக்கொள்வது

நடக்காது.

நேற்று அந்த ஈரோட்டுத் தம்பி மகளின் பிறப்புச் சான்றிதழைப் படமெடுத்து அனுப்பியிருந்தார், எழுத்துக்கூட்டலைப் பார்த்துச் சொல்லும்படி. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளவென்று மின்னியது, லேமினேட் செய்திருந்தார்கள்.