பழுதான கணினி பாகங்களுக்கு விலை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, உங்கள் ஊர் காயலான் கடையானாலும் சரி, பழுதான ஒரு போர்டுக்கு (சிப்கள் பொருத்திய மின்சுற்றுப் பலகைக்கு) மூன்று விலை உண்டு. சரிசெய்து ஓடவைத்தால் ஒரு விலை. சிப், கனெக்டர் கழற்றிக்கொள்ள வாங்கும் சர்வீஸ்காரர் தருவது இன்னொரு விலை. எதற்கும் ஆகாததைத் தராசில் போட்டால் கிடைப்பது மூன்றாவது. கையில் இருப்பது எந்த விலைக்குப் போகும் என்று பார்க்காமல் பணத்தை எடுப்பதில்தான் பெரும்பாலான நஷ்டம் தொடங்குகிறது.

புதிதாக இறங்குகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு, ஓடுகிற பொருளின் விலையைப் பார்த்துவிட்டு அதில் மூன்றில் ஒரு பங்கு கொடுப்பது. லேப்டாப் போர்டு 10 வருகிறது என்று வையுங்கள். ஓடினால் ஒன்று 3,000 ரூபாய். அதனால் 1,000 கொடுக்கலாம் என்று தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு உயிர் பெற்றால் 6,000. நான்கு, சிப்புக்காக 500 வீதம் போனால் 2,000. மீதி நான்கு எடைக்குப் போய் 600. மொத்தம் 8,600. சரிசெய்யும் கூலியும் மாற்றும் ஐசி சிப்பும் 2,000, ஆட்டோவுக்கு 400, உங்களுக்கு நிற்க வேண்டியது 2,000. மிஞ்சுவது 4,200. அதாவது ஒரு போர்டுக்கு 420 ரூபாய்தான் கொடுக்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. உங்கள் ஊர் ரேட்டை வைத்து, வாங்குவதற்கு முன்பே இதே கணக்கைப் போட்டுவிடுங்கள். எத்தனை உயிர் பெறும் என்று தெரியாத லாட்டுக்கு (மொத்தமாக வரும் சரக்குக்கு) அந்த எண்ணிக்கையைப் பூஜ்யம் என்றே வைப்பேன்.

“சின்ன வேலைதான் அண்ணே, பவர் மட்டும் வரல” என்ற பேச்சுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். அப்படி வருவதில் பல, ஏற்கெனவே ஒரு சர்வீஸ் மேசைக்குப் போய்த் திரும்பியவை. சிப்பைச் சுற்றி ஃப்ளக்ஸ் (சால்டரிங் செய்யத் தடவும் பசை) பிசுக்கு, குறைந்துபோன ஸ்க்ரூ, சூடு பட்டு நிறம் மாறிய இடம் இவற்றைப் பாருங்கள். தண்ணீர் பட்டு பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால், சிப் கழற்றுகிறவரும் விலையைக் குறைப்பார். டெஸ்க்டாப் மதர்போர்டில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் மூடியைத் திறந்து, பின்கள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டில் ஹீட்சிங்க் அடியில் சிப் இருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது தங்க ஆசை. ரேம் விளிம்பில் பளபளக்கும் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். டெஸ்க்டாப் டிடிஆர்3 ரேமின் 240 பின்களையும் சேர்த்தாலும் சில மில்லிகிராம் தங்கம் தேறினால் அதிகம். பல மலிவு ரேம்களில் அதுவும் இல்லை. பென்டியம் ப்ரோ போன்ற பழைய செராமிக் பிராசசர்களை வைத்துச் சொல்லும் தங்கக் கணக்கை இன்றைய பிராசசருக்குப் போடவே கூடாது. பழைய செராமிக் கபாசிட்டர்களில் பல்லேடியம் இருந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அந்த இடத்துக்கு நிக்கல் வந்துவிட்டது. இந்தச் சில மில்லிகிராமுக்காக வீட்டுக் கொல்லையில் ஆசிட் ஊற்றி நுரையீரலைக் கெடுத்துக்கொள்கிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. வேண்டவே வேண்டாம். போர்டைப் போர்டாகவே விற்றுவிடுங்கள்.

எடைக்கு வாங்கும்போது எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போட்டு ஒரே ரேட் பேசாதீர்கள். பச்சை நிற மதர்போர்டுக்கும், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டிக்குள்) இருக்கும் பழுப்பு நிறப் போர்டுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். எஸ்எம்பிஎஸ் கனமாக இருப்பதில் பெரும்பங்கு இரும்புப் பெட்டி. ஒயரை வெட்டிப் பாருங்கள்: மேலே செம்பு நிறமும் நடுவே வெள்ளையுமாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மலிவு லேன் கேபிளில் இது சகஜம். செம்பின் ரேட்டும் உலகச் சந்தையோடு ஏறி இறங்குவது. போன மாத விலையை நம்பிப் பேசக் கூடாது.

உப்பிய லேப்டாப் பேட்டரியை எடையில் சேர்த்து வாங்கவே வாங்காதீர்கள். லித்தியம் தீ சாக்கோடு குடோனையும் எரித்துவிடும். ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கைமாற்றாமல், ஓடினால் அதிலுள்ள தகவலை முழுதாக அழித்தும், ஓடாவிட்டால் உள்ளே சுழலும் தட்டைத் துளையிட்டும் கொடுங்கள். அதற்கான நேரத்தையும் விலையில் கழியுங்கள்.

பெரிய அலுவலகத்து லாட் கிடைக்கிறது என்றால் ஆவலில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் ஆயிரம் மின், மின்னணுப் பொருட்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம், பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும். பதிவு இல்லாதவர் அந்த லாட்டைத் தொடாமல், பதிவுபெற்ற ஒருவருக்கு அலுவலகத்தைக் காட்டிவிடலாம். சிறிய கடையிலிருந்தோ தனிநபரிடமிருந்தோ வாங்கினாலும், சீரியல் எண்ணோடு ஒரு ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருள் என்று யாராவது வந்து நின்றால் காட்ட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.